கண்ணில் இறங்கிய கங்கை

நம் வயதுக்காரர்களுக்குச் சீசன் என்றால் என்னவென்று நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனி பிறந்துவிட்டால் மேற்கே மலை காணாமல் போய்விடும். கொடியில் போட்ட துணி காயாது. தென்காசிக் கடைத்தெருவில் சும்மா நடந்து வந்தாலே தலைமயிரெல்லாம் பொடிப்பொடியாய்ச் சாரல் ஒட்டியிருக்கும். இப்போது வருகிறவர்கள் ஒரு குளியல், ஒரு சாப்பாடு, கையில் ஒரு பொட்டலம் வறுவல் என்று சாயங்காலமே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் சீசனா? நாமெல்லாம் குற்றாலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, பானை சட்டி, படுக்கை, அரிசி மூட்டையோடு வண்டி கட்டிப் போய் மாதக்கணக்கில் கிடந்தவர்கள். முழங்கால் வலியும் கண்புரையுமாக இதைப் படிக்கிற உங்களில் சிலர், அருவியில் பெண்கள் பக்கத்தில் என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் குளித்திருக்கவும் கூடும்.

நான் சொல்லப் போகிற சீசனுக்கு நாங்கள் சந்தோஷமாகப் போகவில்லை. பிள்ளைத்தாச்சியாக இருந்த அம்மாவை அழாமல் பார்த்துக்கொள்வதற்காகப் போனோம். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்னால். எனக்கு எட்டு வயதிருக்கும்.

அந்தப் பங்குனியில் என் தம்பி காய்ச்சல் கண்டு இறந்துபோனான். மூன்று வயது. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அங்கே போனால் பெரிய தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னயும் நிறுங்க" என்பான். அப்பா மறுதட்டில் வெல்லக்கட்டியை வைத்து, "போதுமாலே?" என்று கேட்பார். போதாது என்பான். இதற்குமேல் அவனைப் பற்றி எழுத என்னால் ஆகாது, மன்னித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பெரிய மனுஷி அத்தைதான். அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான சுருக்கில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளைகுட்டி கிடையாது. என் தம்பியை அவள்தான் இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தாள். அவன் தூங்கினதும் அவள் பாயில்தான். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அப்பா கடைச் சாவியைக்கூட அவளிடம் கேட்டுத்தான் வாங்குவார்.

பிள்ளைத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்பார்கள். அம்மா அப்போது முழுகாமல் இருந்து இரண்டு மூன்று மாதம். தம்பிக்கு மூச்சு அடங்கியதும் அத்தை அவளைத் தூக்கி நிறுத்தி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அரங்கு வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். துணைக்கு நான். நெல்லும் வெல்லமும் வைக்கிற உள்ளறை அது, ஜன்னல் கிடையாது. அம்மா கதவில் காதை வைத்து நின்றாள். முற்றத்தில் ஆட்கள் பேசுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கேட்டது. பிறகு அப்பாவின் நடை. தம்பியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அப்பா எப்படிக் கால் வைப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சட்டை போட்டுவிட்டாகளான்னு கேளுட்டி," என்றாள் அம்மா.

நான் கதவைத் தட்டிக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நடை வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் கட்டுப்பாடு. தம்பியின் நடைவண்டி, பால் புகட்டும் சங்கு, வெள்ளி அரைஞாண் எல்லாம் மச்சுக்குப் போயின. அவன் பேரை வீட்டில் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அம்மாவின் கண் லேசாகக் கலங்கினால் போதும், அத்தை எங்கிருந்தாலும் வந்து நிற்பாள்.

"இவளே, வயித்துல ஒண்ணு கெடக்கு பாத்துக்கோ. நீ அழுதா அம்புட்டையும் அது குடிக்கும். போனதுக்கு அழுது இருக்கதையும் விட்டுராத. பெத்து எடுத்துட்டு அழு. நானா வேண்டாங்கேன்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்து விழுங்குவாள். கொஞ்ச நாளில் விழுங்குவதும் நின்றது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். என்னிடம்கூடப் பேச்சு இல்லை. அப்பா வைத்தியரைக் கூட்டி வந்தார். அவர் நாடி பார்த்துவிட்டு, பித்தம் தலைக்கு ஏறியிருக்கிறது, அருவிக் குளிதான் மருந்து, பிள்ளைத்தாச்சியாக இருப்பதால் பேரருவி வேண்டாம், சிற்றருவியில் ஓரமாக நிற்கட்டும் என்றார். ஒரு தாய்க்கு மகன் செத்துப்போனதைப் பித்தம் என்று நாடியில் கண்டுபிடித்த அந்த மகானுக்கு அப்பா ஒரு மூட்டை அரிசி கொடுத்தனுப்பினார்.

குற்றாலத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். மங்குஸ்தான் பழத்தை உடைத்தால் அந்தத் தோலின் சாயம் பாவாடையில் பட்டுப் போகவே போகாது. ஓட்டின்மேல் குரங்குகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். எட்டு வயதில் துக்கமும் மங்குஸ்தானும் ஒரே வயிற்றில் இருக்க முடிகிறது.

காலையில் சிற்றருவிக்குப் போவோம். அம்மா பாறையில் முதுகைச் சாய்த்து நிற்பாள், நான் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அத்தை மாற்றுச் சேலையோடு படியில் இருப்பாள். முதல் சில நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள் தண்ணீருக்குள்ளே என்னவோ சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். தம்பி பேரைச் சொல்லிச் சொல்லி, "சட்டையில்லாம போயிட்டியே, சட்டையில்லாம போயிட்டியே" என்று அழுதாள். வெளியே நிற்கிறவர்களுக்கு அருவி இரைச்சல்தான் கேட்கும். அவளோடு தண்ணீருக்குள் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

அன்று அம்மா ஒரு பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டாள். மறுநாள் என் தலையைப் பின்னிவிட்டாள். அத்தை வைத்தியரின் கைராசியைப் புகழ்ந்து தள்ளினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அங்கேதான் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்து உட்காருவாள். வயதானவள், ஒல்லி, பெரிய தொப்பி. எதிர்ப் பாறையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு மடியில் பலகையும் தாளும் வைத்து, மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுத் தொட்டு வரைவாள். சாரல் படாமல் அவளுடைய சமையல்காரர் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செங்கோட்டைக்காரர், பேச்சில் பாதி மலையாளம். சீசனுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அருவியை வரைவார்கள், குரங்கை வரைவார்கள். இவள் எங்கள் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு தடவை நான் போய் எட்டிப் பார்த்தபோது என் தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தாளில் விழுந்து, காயாத கோடு ஊறிப் பரவிவிட்டது. அவள் கோபப்படவில்லை. அந்த ஊறலைச் சுற்றி நாலு கோடு இழுத்தாள். அது ஒரு பாறையாகிவிட்டது. எனக்கு ஒரு பிஸ்கோத்தும் கொடுத்தாள்.

அத்தை எமகாதகி. அம்மா கரையேறும்போது ஒரு நாள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"கண்ணு ஏன் செவந்து கெடக்கு?"

"தண்ணி பட்டுது, மதினி."

"எனக்கும்தான் இங்க தண்ணி தெறிக்குது. எனக்குச் செவக்கலையே."

மறுநாள் அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் வந்து நின்றாள். கொஞ்ச நேரம்தான் நின்றாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். வீட்டில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, இனி இங்கேயே குளி என்றாள். அத்தையின் முகமும் நனைந்திருந்தது. நான் அதை அருவித் தண்ணீர் என்றே நினைத்தேன்.

நாங்கள் தென்காசிக்குக் கிளம்பின அன்று சமையல்காரர் ஒரு தாள் சுருளோடு வந்தார். துரைசானி அம்மாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். விரித்தால், கறுப்பு மையில் ஒரு பெண். பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தலை விரிந்து கிடந்தது. கண்ணிலிருந்து இறங்கின இரண்டு கோடு கன்னத்தில் சேர்ந்து, மார்பில் அகன்று, பாதத்தில் அருவியாய் விழுந்தது. சுற்றிலும் பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள். ஒரே ஒரு சின்னப் பிள்ளை மட்டும் அவள் மடித்துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. மூக்கு எங்கள் அம்மாவின் மூக்கு.

"இது யாருய்யா?" என்று கேட்டாள் அத்தை.

"மதாம்மா பறஞ்சது எனக்கு முழுக்கத் தெரியாது. அவங்க நாட்டுப் பழைய கதையில உள்ளவளாக்கும். பதினாலு பெத்தவ. இவகிட்ட இருந்து வெள்ளம் எறங்கி மலை முச்சூடும் நனையுமாம். எந்தக் காலத்துலயும் நிக்காதாம்."

அவருடைய பாஷையில் வெள்ளம் என்றால் தண்ணீர். எந்தத் தண்ணீரும் வெள்ளம்தான், கண்ணில் வருகிறதும் வெள்ளம்தான். அத்தைக்கு வெள்ளம் என்றால் ஆறு பெருகி வருகிற வெள்ளம். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மலையில இருந்து வெள்ளமா வாறவ கங்கையில்லாம வேற யாரு? பதினாலு பெத்த மகராசி. பதினாறுக்கு ரெண்டுதான் கொறச்சல். பிள்ளைக அருவிச் சத்தத்துல எப்படித் தூங்குது பாரேன்."

"தண்ணி கண்ணுல இருந்துல்லா வருது," என்றார் அப்பா.

"சடையில வர வேண்டியது. வெள்ளக்காரிக்கு என்ன தெரியும், கண்ணுல விட்டுட்டா."

மூலையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. அப்பா எழுத்துக் கூட்டி, "நியோபி" என்று படித்தார். கங்கைக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேர் போலிருக்கிறது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தத் தாளைவிட்டு அம்மாவின் கண் அகலவில்லை.

தென்காசி வந்ததும் படத்துக்குச் சட்டம் அடித்து, கண்ணாடி போடுவதற்கு முன்னாலேயே நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சாயங்காலம் விளக்கேற்றினதும் அம்மா போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். விளக்கு அணைகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். கண்ணில் ஒரு சொட்டு இருக்காது. முகம் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாட்களில் இருந்ததுபோல இல்லாமல் தெளிந்திருக்கும். சாப்பிட்டாள். என்னிடம் பேசினாள்.

"கங்கையம்மா கைவிடல பாத்தியா. எப்படிச் சாமி கும்பிடுதா பாரு," என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கடைசிய மட்டும் துணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா, தெரியுதா?"

"மத்ததெல்லாம் தூங்குதாம்மா?"

"அத்தை அப்படித்தான் சொல்லுதா."

"நீ என்ன சொல்லுத?"

அவள் என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

புரட்டாசியில் அந்தச் சமையல்காரர் சாமான் வாங்க அப்பா கடைக்கு வந்தார். துரைசானி சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டாளாம். அப்பா பெருமையாக, நீங்கள் கொண்டுவந்த சாமிக்கு எங்கள் வீட்டில் தினமும் பூஜை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பதறிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே அத்தையிடம் சொன்னார்.

"அம்மே, அது தேவியொண்ணும் இல்ல. போறப்பதான் மதாம்மா கதையெல்லாம் பறஞ்சா. பிள்ளைக எல்லாம் மரிச்சுப் போன ஒரு அம்மையாக்கும் அது. ஒண்ணுகூட மிச்சமில்ல. அழுது அழுது கல்லாப் போனவ. கல்லான பெறகும் கண்ணுல வெள்ளம் நிக்கல."

அத்தை அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைமாதத்தை நெருங்குகிற ஒருத்தியை, மகனைப் பறிகொடுத்த ஒருத்தியை, பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்தவள் முன்னால் தானே தினமும் விளக்கேற்றி உட்கார வைத்தது அவளுக்குப் புரிந்த நேரம் அது. உள்ளே வந்து படத்தைக் கழற்றினாள்.

அம்மா எழுந்து வந்து சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அத்தையை எதிர்த்து ஒரு காரியம் செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"மதினி, இத விட்டுருங்க."

"இவ யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். பாத்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா இது முன்னால உக்காந்த? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு?"

"நான் அழல மதினி. நீங்க சொன்னபடிதான இருக்கேன். ஒரு சொட்டு விடல. எனக்காக இவளாவது அழுதுக்கிட்டுக் கெடக்கட்டுமே. சட்டையில்லாமப் போனானே, அவனுக்கு அழ இந்த வீட்டுல ஒருத்தி வேண்டாமா?"

அந்த நிமிஷம் அத்தை விட்டுக்கொடுத்திருந்தால் என்ன என்று இத்தனை வயதாகியும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவளுக்கு அம்மாவின் வயிறுதான் தெரிந்தது. இன்னொன்றையும் அரங்கு வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அனுப்ப அவளால் ஆகாது. மெதுவாக அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

குங்குமம் வைத்துக் கும்பிட்டதை அடுப்பில் போட முடியாது, குப்பையிலும் போட முடியாது. தண்ணீரில்தான் விட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தை சிற்றாற்றுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மை கரைந்து அவள் அழிந்துபோவதை நான் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே நின்றேன். மை கரையவில்லை. நெற்றியில் வைத்த குங்குமம்தான் கரைந்தது. விரித்த தலையும் படுத்த பிள்ளைகளுமாக அவள் முகம் மேலே பார்க்க மிதந்து போனாள். அத்தை தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வெகுகாலம் கழித்து நான் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போன பிறகு, கிரேக்கர்களின் பழங்கதைப் புத்தகம் ஒன்றில் அந்தப் பேரைப் பார்த்தேன். நிறையப் பிள்ளை பெற்றேன் என்று அவள் பெருமை பேசினாளாம், தெய்வங்களுக்குப் பொறுக்கவில்லையாம். நம் ஊராக இருந்தால் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவோம். அங்கே அம்பு விட்டார்கள். மடிக்குள் ஒளித்த கடைசிப் பிள்ளையையும் விடவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்து நான் அழுதேன். அத்தை சொன்னதும் முழுத் தப்பு இல்லை என்று பட்டது. கங்கையும் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டவள்தானே. அந்தக் கதை அத்தைக்கு நன்றாகத் தெரியும். பதினாலு பெத்த மகராசி என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அன்று அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, நல்ல கனம். பார்க்க வந்த பெண்களெல்லாம், போனவனே திரும்பி வந்துவிட்டான், இனி என்ன கவலை என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். அப்பா போனபோதும் அவள் அழவில்லை, அத்தை போனபோதும் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் சொல்லிற்று. உங்களில்கூட யாராவது சொல்லியிருப்பீர்கள். பிள்ளை பெற்ற தீட்டுக் கழிந்த அன்றைக்கு அந்த அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தேன்.

பிள்ளை பால் குடித்தபடியே அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தான். அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இவளே, இனி ஒரு தடையும் இல்ல. நல்லபடியா பெத்துட்ட. இப்ப அழுதுக்கோ தாயி. எம்புட்டு அழணுமோ அம்புட்டும் அழுதுக்கோ. ஒருத்தரும் வராம நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா முயற்சி செய்தாள். நான் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடினாள். உதட்டைக் கூட்டினாள். தம்பி பேரை ஒரு தடவை சொன்னாள், சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"வரல, மதினி."

அத்தை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "எய்யா, என் ராசா, எம் பாயிலயே படுத்துக் கெடந்தியே எய்யா" என்று அம்மாவின் முழங்காலில் தலையை வைத்து அவள் அழுதாள். தம்பி செத்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வந்தது. அவளுக்கு வந்தது.

அம்மா ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் அத்தையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்க மதினி," என்றாள். "பிள்ளை முழிச்சுக்கிடும்."